புதிய பிஸ்டன் போட்ட சேட்டக்: முதல் 1000 கிலோமீட்டர்

பல ஆண்டுகளாக மூலையில் நின்ற பஜாஜ் சேட்டக்கை வெளியே இழுத்து, பிளாக்கை (பிஸ்டன் ஏறி இறங்கும் உருளை) ரீபோர் செய்து, அதாவது அதன் உட்சுவரைச் சற்று அகலமாகக் கடைந்து, புதிய பிஸ்டனும் ரிங்குகளும் போட்டு, கிராங்க்கின் பேரிங்குகளையும் ஆயில் சீல்களையும் மாற்றிவிட்டவர்கள், மூன்றாவது உதையில் எஞ்சின் உயிர்பெற்றதும் வேலை முடிந்துவிட்டதாகவே நினைத்துக்கொள்கிறார்கள். பட்டறைக்காரரும் கையைத் துடைத்துக்கொண்டே "கொஞ்ச நாளைக்கு நாற்பதைத் தாண்டாதீங்க" என்று ஒரு வரி சொல்லிவிட்டு அடுத்த வண்டிக்குப் போய்விடுவார். அந்த அறிவுரையில் தவறில்லை என்றாலும் அதில் பாதி விஷயம் விடுபட்டுப்போகிறது. புதிய பாகங்கள் ஒன்றோடொன்று படியும் ரன்னிங்-இன் காலத்தில் எஞ்சினைக் கெடுப்பவை நீடித்த சூடும் எண்ணெய்ப் பற்றாக்குறையும்தான். இந்த இரண்டும் முப்பது கிலோமீட்டர் வேகத்திலேயே நேரக்கூடும் என்பதால், வேகமானியை மட்டும் பார்த்து ஓட்டுகிறவர் பாதுகாப்பாக ஓட்டுகிறார் என்று சொல்ல முடியாது.

1972இல் சந்தைக்கு வந்த சேட்டக்கின் டூ-ஸ்ட்ரோக் எஞ்சின் அமைப்பில் மிக எளிமையானது. பிளாக்கின் உள்விட்டமும் பிஸ்டன் ஏறி இறங்கும் தூரமும் ஒரே அளவு, 57 மில்லிமீட்டர், கொள்ளளவு 145.45 சிசி. பிளாக் வார்ப்பிரும்பாலும் பிஸ்டன் அலுமினியக் கலவையாலும் ஆனவை. ஒரே அளவு சூட்டில் அலுமினியம் இரும்பைப்போல் ஏறத்தாழ இரண்டு மடங்கு விரிவடையும் என்பதால், இரண்டுக்கும் இடையே விடப்படும் மிகச் சிறிய இடைவெளிதான் எஞ்சினின் உயிரைப் பிடித்துவைத்திருக்கிறது. ரீபோர் செய்து, கல்லால் தேய்த்து ஹோனிங் போட்ட பிளாக்கை வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தால், உட்சுவர் முழுவதும் குறுக்கும் நெடுக்குமாக மெல்லிய கீறல்கள் ஓடுவது தெரியும். கண்ணுக்குத் தட்டையாகத் தோன்றும் அந்தப் பரப்பு உண்மையில் முகடுகளும் பள்ளங்களும் நிறைந்தது. புதிய ரிங் அந்த முகடுகளின் மீது மட்டுமே உரசுகிறது. ஓடஓட முகடுகள் தேய்ந்து, ரிங்கின் விளிம்பும் சுவரும் ஒன்றுக்கொன்று படிந்து, பள்ளங்களில் எண்ணெய் தங்கும் நிலை வருவதற்குள், ஒவ்வொரு உரசலும் வழக்கத்தைவிட அதிகச் சூட்டைக் கிளப்பிக்கொண்டே இருக்கும்.

ரிங்கைச் சுவரோடு அழுத்துவது அதன் சொந்த வில்விசை மட்டுமன்று. எரியும் வாயு ரிங்கின் பின்புறம் புகுந்து அதை வெளிநோக்கித் தள்ளுகிறது. ஆகவே பயந்துபயந்து ஆக்சிலேட்டரைத் தொட்டும் தொடாமலும் மாதக்கணக்கில் உருட்டிக்கொண்டிருந்தால் அந்த அழுத்தம் போதாமல், சுவர் கண்ணாடிபோல் மெருகேறி, ரிங் கடைசிவரை சரியாகப் படியாமலே போய்விடும். அத்தகைய வண்டி எப்போதும் புகைக்கும், மேட்டில் மூச்சுவாங்கும், இரண்டாம் முறை பிரிக்கவைக்கும். முதல் நாளிலிருந்தே முழுவதுமாக முறுக்கி ஓட்டுங்கள் என்று சொல்லும் மறு கட்சியும் இருக்கிறது. பந்தய வண்டிக்கு அது பொருந்தலாம். அலுவலகத்துக்கும் காய்கறிக் கடைக்கும் போய்வர வேண்டிய வண்டிக்கு அந்தத் துணிச்சல் தேவையில்லை என்பதே என் கருத்து.

பூட்டுவதற்கு முன் பார்க்க வேண்டியவை

ரன்னிங்-இன் லேத் பட்டறையிலேயே தொடங்கிவிடுகிறது. பிளாக்கை மட்டும் கொடுத்துவிட்டு வரக் கூடாது; போடப்போகும் பிஸ்டனையும் கூடவே கொடுத்து, அந்தப் பிஸ்டனை அளந்து அதற்கேற்பப் போர் செய்யச் சொல்ல வேண்டும். ஒரே ஓவர்சைஸ் (கூடுதல் அளவு) எண் குத்தப்பட்ட இரண்டு பிஸ்டன்கள்கூட மயிரிழை வேறுபடுவதுண்டு. போர் முடிந்து வந்ததும், வாயு வந்துபோகச் சுவரில் உள்ள போர்ட் துளைகளின் ஓரத்தை விரல் நுனியால் தடவிப் பாருங்கள். கத்திபோல் கூராக இருந்தால் ரிங் அதில் மாட்டி உடையும் என்பதால், அந்த ஓரங்களை மெல்லிய அரத்தாலோ உப்புத்தாளாலோ மழுக்கியாக வேண்டும்.

அடுத்து வரும் வேலையைப் பெரும்பாலோர் செய்வதில்லை. ஹோனிங் கல்லிலிருந்து உதிர்ந்த பொடி சுவரின் பள்ளங்களில் ஒளிந்திருக்கும்; பெட்ரோலில் கழுவினால் அது போகாது. வெந்நீரும் பாத்திரம் துலக்கும் சோப்பும் நைலான் பிரஷ்ஷும் கொண்டு உட்புறத்தைத் தேய்த்துக் கழுவி, உலர்த்தி, டூ-டி ஆயில் (டூ-ஸ்ட்ரோக் எஞ்சினுக்கான எண்ணெய்) தொட்ட பழைய வெள்ளை வேட்டித் துணியால் துடைத்துப் பார்க்க வேண்டும். துணியில் சாம்பல் நிறக் கறை ஒட்டினால் மீண்டும் கழுவ வேண்டும். எனக்கு மூன்றாம் முறைதான் துணி வெள்ளையாகவே வந்தது. கழுவிய இரும்பு சிறிது நேரத்திலேயே துருப்பிடிக்கத் தொடங்கும் என்பதால், துணி சுத்தமாக வந்தவுடன் சுவர் முழுவதும் எண்ணெய் பூசிவிடுங்கள்.

பிஸ்டன் தலையில் உள்ள அம்புக்குறி சைலன்சர் போர்ட் பக்கம் பார்க்க வேண்டும். ரிங்கின் வாய், பள்ளத்தில் உள்ள சிறு ஊசியின்மேல் சரியாக உட்கார வேண்டும். பிஸ்டன் பின்னைப் பிடிக்கும் சர்க்லிப்புகள் புதியவையாக இருக்க வேண்டும். ஹெட்டின் நான்கு நட்டுகளையும் ஒன்றுக்கு எதிர் மூலையில் ஒன்றாக, மூன்று சுற்றுகளில் சிறிதுசிறிதாக முறுக்க வேண்டும்.

எல்லாம் பூட்டியபின் இரண்டு பொருள்களை மறக்கவே கூடாது. ஒன்று, பிளாக்கையும் ஹெட்டையும் போர்த்தியிருக்கும் தகட்டுக் கவுல். சேட்டக்கின் எஞ்சின் மூடிக்குள் ஒளிந்திருப்பதால் ஓடும்போது காற்று நேராக அதன்மேல் படுவதில்லை. ஃப்ளைவீலில் உள்ள விசிறி இதழ்கள் தள்ளும் காற்றை அந்தக் கவுல்தான் பிளாக்கின் துடுப்புகளுக்குக் கொண்டுபோகிறது. கவுல் இல்லாமல் "சும்மா ஸ்டார்ட் பண்ணிப் பார்ப்போம்" என்று ஐந்து நிமிடம் ஓடவிட்டால், புதிய பிஸ்டனுக்கு அதுவே கடைசி ஐந்து நிமிடமாகிவிடலாம். மற்றொன்று சைலன்சர். இருபது ஆண்டுக் கரி அடைத்த சைலன்சரைப் புதிய எஞ்சினில் மாட்டினால் சூடு வெளியேற வழியில்லாமல் பிஸ்டனிலேயே தேங்கும்.

எண்ணெயும் பெட்ரோலும்

டூ-ஸ்ட்ரோக் எஞ்சினில் பிஸ்டனுக்கும் கிராங்க்குக்கும் தனி எண்ணெய்த் தொட்டி கிடையாது; பெட்ரோலோடு கலந்து வரும் எண்ணெய்தான் எல்லாம். சேட்டக்குக்கு வழக்கமான அளவு 2 விழுக்காடு, அதாவது லிட்டருக்கு 20 மில்லி. ரன்னிங்-இன் காலத்தில் நான் லிட்டருக்கு 30 மில்லி ஊற்றுகிறேன். புதிய எஞ்சின் என்று 50, 60 மில்லி ஊற்றுகிறவர்கள் பிளக்கைக் கரியாக்குவதோடு இன்னொரு தவறும் செய்கிறார்கள். கார்புரேட்டரின் ஜெட் எனும் சிறு துளை வழியே போகும் திரவத்தில் எண்ணெயின் பங்கு கூடினால் பெட்ரோலின் பங்கு அந்த அளவு குறைகிறது. கெட்டியான கலவை துளையில் மெதுவாகவும் பாய்கிறது. இதனால் காற்றுக்கு ஏற்ற பெட்ரோல் கிடைக்காமல் எஞ்சின் கூடுதலாகச் சூடேறும். பாதுகாப்புக்காக ஊற்றிய எண்ணெயே சூட்டை ஏற்றிவிடுகிற இந்த முரணைப் பட்டறைகளில் எவரும் சொல்வதில்லை.

எண்ணெய் வாங்கும்போது ஜாசோ எஃப்சி என்ற ஜப்பானியத் தரக்குறியீடு அச்சிட்ட டூ-டி ஆயிலாகப் பார்த்து வாங்குங்கள். ஒரு காலத்தில் எல்லா பங்க்குகளிலும் தொங்கிய சிறு பாக்கெட்டுகளை இப்போது தேடித்தான் பிடிக்க வேண்டியிருப்பதால், ஒரு லிட்டர் டப்பாவாக வாங்கி வைத்துக்கொள்வது நல்லது. அளப்பதற்கு இருமல் மருந்துப் பாட்டிலின் அளவு மூடியே போதும். அந்த நாளில் டாங்கில் எண்ணெயை ஊற்றிவிட்டு, சீட்டைப் பிடித்து வண்டியை இடமும் வலமும் ஆட்டிக் கலக்கியதை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். தேய்ந்த எஞ்சினுக்கு அது பரவாயில்லை. புதிய பிஸ்டனுக்கு, தனியாக ஒரு கேனில் பாதிப் பெட்ரோலை ஊற்றி, எண்ணெயைச் சேர்த்து, மூடிக் குலுக்கி, மீதிப் பெட்ரோலையும் சேர்த்து மீண்டும் குலுக்கியபின் டாங்கில் ஊற்றுவதே முறை.

இப்போது பங்க்குகளில் கிடைப்பது 20 விழுக்காடு எத்தனால் கலந்த பெட்ரோல். எத்தனாலிலேயே ஆக்சிஜன் இருப்பதால், அதை எரிக்க வேண்டிய காற்றின் அளவு குறைவு. பழைய பெட்ரோலுக்காக அளவெடுத்த ஜெட்டோடு ஓட்டினால் கலவை இயல்பாகவே பெட்ரோல் குறைந்த பக்கம் சாய்ந்துவிடுகிறது. ரீபோர் செய்த சேட்டக்கில் மெயின் ஜெட்டை ஒரு படி பெரிதாகப் போடுவது இந்தக் காரணத்தால் நியாயமான முன்னெச்சரிக்கை. பழைய பெட்ரோல் குழாயையும் கார்புரேட்டரின் ரப்பர் பாகங்களையும் மாற்றிவிடுங்கள். எத்தனால் தண்ணீரை ஈர்க்கும் என்பதால் கலந்த பெட்ரோலை வாரக்கணக்கில் டாங்கில் தேக்கி வைக்க வேண்டாம்.

முதல் உதை

பிளக்கைக் கழற்றிவிட்டு, துளை வழியே நான்கைந்து சொட்டு எண்ணெய் விட்டு, கிக்கரைப் பத்துப் பதினைந்து முறை நிதானமாக மிதித்து எண்ணெயைச் சுவரெங்கும் பரப்புங்கள். பிறகு பிளக்கைப் பூட்டி, பெட்ரோல் குழாயைத் திறந்து, சோக்கை இழுத்து உதையுங்கள். புதிய ரிங்கோடு கிக்கர் கனமாகத்தான் இருக்கும். வண்டியைப் பக்கவாட்டில் சாய்த்துவிட்டு உதைக்கும் பழைய சடங்கு ஒழுங்காகக் கட்டிய எஞ்சினுக்குத் தேவைப்படாது. தேவைப்பட்டால் கார்புரேட்டரின் மிதவை ஊசியையோ இக்னிஷனையோ சந்தேகப்படுங்கள்.

பூட்டும்போது பூசிய எண்ணெய் எரிவதால் முதல் சில நிமிடங்கள் வெண்புகை மண்டும். அதற்குக் கவலைப்பட வேண்டாம். எஞ்சின் கிளம்பியதும் ஐடிலில், அதாவது ஆக்சிலேட்டரைத் தொடாமல், அரைமணி நேரம் ஓடவிடுவதுதான் நல்லது என்றொரு நம்பிக்கை இருக்கிறது. நான் அதை ஏற்கவில்லை. ஐடிலில் விசிறி மெதுவாகச் சுழல்வதால் காற்றும் குறைவு, ரிங்கை அழுத்தும் வாயுவும் குறைவு. மூன்று நிமிடம், ஆக்சிலேட்டரை லேசாகக் கூட்டிக் குறைத்தபடி ஓட்டி, நிறுத்திவிடுங்கள். வலப்பக்க மூடியைத் திறந்து ஹெட்டின் அருகே கை வைத்துப் பார்த்து, அது முழுவதும் குளிர்ந்தபிறகு அடுத்த முறை ஐந்து நிமிடம், மூன்றாம் முறை எட்டு நிமிடம் ஓட்டுங்கள். இப்படிச் சூடேறி ஆறும் மூன்று சுற்றுகளில் கேஸ்கட்டுகள் அமுங்கி உட்காரும். எஞ்சின் நன்றாகக் குளிர்ந்திருக்கும் மறுநாள் காலையில் ஹெட் நட்டுகளை மீண்டும் ஒருமுறை அதே எதிர் மூலை வரிசையில் சோதித்துவிட்டுச் சாலைக்குப் போகலாம்.

போவதற்கு முன் ஒரு சோதனை. ஆக்சிலேட்டரை முழுவதும் விட்டபிறகும் எஞ்சின் தானாகக் கத்திக்கொண்டே இருந்தாலோ, ஐடில் ஏறி இறங்கிக்கொண்டே இருந்தாலோ, கார்புரேட்டர் அடியிலோ கிராங்க்கின் ஆயில் சீலிலோ காற்று உறிஞ்சுகிறது என்று கொள்ள வேண்டும். அந்தக் கசிவோடு ஒரு கிலோமீட்டர்கூடப் போகக் கூடாது. மாறாக, ஒரு மணி நேரத்துக்குப் பிறகும் அடர்ந்த புகை நிற்கவில்லை என்றால், கிளட்ச் பக்க சீல் வழியே கியர் ஆயில் உள்ளே போய் எரிகிறதா என்று பாருங்கள். கியர் ஆயிலின் அளவு குறைந்திருப்பதே அதற்குச் சாட்சி.

சாலையில்

முதல் 500 கிலோமீட்டருக்கு டாப் கியரில் நாற்பது, அதற்கடுத்த 500க்கு ஐம்பது என்பது நல்ல மேல்வரம்பு. அந்த வரம்புக்குள் எப்படி ஓட்டுகிறோம் என்பதே முக்கியம். மூன்றாம் கியரில் இருபத்தைந்திலிருந்து முப்பத்தைந்துவரை, பாதி ஆக்சிலேட்டரில் சற்று உறுதியாகவே இழுத்து ஏற்றி, உடனே தணித்துச் சில விநாடிகள் ஓட்டி, மறுபடி ஏற்றுவது என்று விட்டுவிட்டுச் சுமை கொடுங்கள். ஏற்றும்போது வாயுவின் அழுத்தம் ரிங்கைச் சுவரில் படியவைக்கிறது. தணிக்கும்போது சூடு இறங்குகிறது. நேரான நான்குவழிச் சாலையில் ஆக்சிலேட்டரை ஒரே இடத்தில் பிடித்தபடி ஐம்பது கிலோமீட்டர் போவது இதற்கு நேர்மாறானது; ஊருக்குள் கியர் மாற்றிமாற்றி ஓட்டுவதே புதிய எஞ்சினுக்கு நல்லது. முதல் வாரத்தில் பத்துப் பதினைந்து கிலோமீட்டருக்கு ஒருமுறை நிறுத்தி ஒரு டீ குடிக்கும் நேரம் ஆறவிடுங்கள். மே மாத நண்பகலைத் தவிர்த்து, காலையில் ஓட்டுங்கள். பின்னால் ஆள் ஏற்ற வேண்டாம். முன்னால் ஒரு குழந்தை, பின்னால் மனைவி, நடுவில் இன்னொரு குழந்தை என்று குடும்பத்தையே சுமந்த வண்டி என்றாலும் இந்த ஒரு மாதம் அதற்கு விடுப்பு கொடுக்கலாம்.

மெதுவாகப் போக வேண்டும் என்பதற்காக டாப் கியரில் இருபதில் மேடேறுவது வேகமாகப் போவதைவிடக் கெடுதல். எஞ்சின் உதறித் திணறும் அந்த நிலையில் சுமை முழுவதும் பிஸ்டன்மீது விழ, விசிறியோ மெதுவாகச் சுழலும். திணறல் தொடங்குமுன்பே ஒரு கியர் இறக்கிவிடுங்கள்.

இறக்கத்தைப் பற்றித்தான் நான் அதிகம் எச்சரிக்க வேண்டும், ஏனென்றால் அதில் அடிபட்டவன் நான். பல ஆண்டுகளுக்கு முன், ரீபோர் செய்து 200 கிலோமீட்டர்கூட ஓடாத வண்டியில் தருமபுரியிலிருந்து சேலத்துக்கு வந்துகொண்டிருந்தேன். நாற்பதைத் தாண்டவில்லை என்ற பெருமையோடு தொப்பூர் கணவாயில் இறங்கும்போது, பெட்ரோலை மிச்சப்படுத்தும் எண்ணத்தில் ஆக்சிலேட்டரை முழுவதும் மூடிவிட்டு, கியரிலேயே வண்டியை உருளவிட்டேன். சரிவின் இழுப்பில் எஞ்சின் வேகமாகச் சுழன்றது. கார்புரேட்டர் மூடியிருந்ததால் பெட்ரோல் வரவில்லை, அதோடு வரவேண்டிய எண்ணெயும் வரவில்லை. ஒரு மெல்லிய "கீச்" ஒலி கேட்டது. அடுத்த நொடி பின்சக்கரம் இறுகி வண்டி இழுபட்டது. பிரித்துப் பார்த்தபோது, பிஸ்டனின் சைலன்சர் பக்கத்தில் நகத்தால் கீறியதுபோல் மேலிருந்து கீழாகக் கோடுகள் விழுந்திருந்தன. டூ-ஸ்ட்ரோக் வண்டியில் நீண்ட இறக்கத்தில் எஞ்சின் பிரேக்கை நம்பக் கூடாது. கால் பிரேக்கையும் கை பிரேக்கையும் பயன்படுத்தி வேகத்தைக் குறைத்துக்கொண்டு, சில விநாடிக்கு ஒருமுறை கிளட்சைப் பிடித்து ஆக்சிலேட்டரை ஒரு முறுக்கு முறுக்கி விடுங்கள். அந்த முறுக்கில் போகும் எண்ணெய் போதும். 70 கொண்டை ஊசி வளைவுகள் கொண்ட கொல்லிமலையைப் போன்ற இடங்களுக்கு ஆயிரம் கிலோமீட்டர் முடியும்வரை போகவே வேண்டாம்.

ஓடும்போது இடக்கை விரல்கள் எப்போதும் கிளட்ச் லீவர்மீது இருக்கட்டும். காரணமின்றி இழுவை குறைந்தாலோ, யாரோ பிரேக்கை லேசாகப் பிடித்ததுபோல் வண்டி தயங்கினாலோ, ஒலி கூர்மையாக மாறினாலோ, உடனே கிளட்சைப் பிடித்து ஓரங்கட்டி எஞ்சினை அணைத்துவிடுங்கள். அந்த முதல் தயக்கத்திலேயே பிடித்தவருக்குப் பெரும்பாலும் சேதமிருக்காது. சூடாக இருக்கும்போது கிக்கரை வலுக்கட்டாயமாக மிதிக்காதீர்கள். தண்ணீரை ஊற்றவே கூடாது. ஒரு மணி நேரம் ஆறவிட்டு, பிளக் துளையில் சில சொட்டு எண்ணெய் விட்டு, கிக்கரைக் கையால் அழுத்திப் பாருங்கள். தடையின்றி இறங்கினால் மெதுவாக வீடு சேரலாம். ஆனால் ஏன் பிடித்தது என்று தெரியாமல் மறுநாள் மீண்டும் ஓட்டக் கூடாது; காற்றுக் கசிவா, ஜெட் அடைப்பா, போர் இறுக்கமா என்று ஒவ்வொன்றாகப் பார்த்தாக வேண்டும்.

இத்தனை கிலோமீட்டர் கணக்கைச் சொல்லிவிட்டேன். பாதிச் சேட்டக்குகளில் வேகமானி கேபிள் அறுந்து முள் சுழியத்திலேயே கிடப்பது எனக்குத் தெரியும். கேபிளை மாற்றுவது நல்லது. முடியாதவர்கள் லிட்டர் கணக்கில் ஓட்டலாம்: லிட்டருக்கு நாற்பது கிலோமீட்டர் என்று வைத்துக்கொண்டால், பன்னிரண்டரை லிட்டர் தீரும்போது முதல் 500 முடிந்திருக்கும்.

அந்த 500இல் ஒரு காலைப்பொழுதை ஒதுக்கி, குளிர்ந்த எஞ்சினில் ஹெட் நட்டுகளையும் சைலன்சர் போல்ட்டுகளையும் எஞ்சினைத் தாங்கும் போல்ட்டுகளையும் சோதியுங்கள். கியர் பாக்ஸையும் பிரித்து வேலை செய்திருந்தால் கியர் ஆயிலை வடித்துவிட்டு, எஸ்ஏஇ 30 ஆயில் கால் லிட்டர் புதிதாக ஊற்றுங்கள். வடித்த எண்ணெயில் மின்னும் பொடி சிறிதளவு இருந்தால் இயல்பு, துண்டுகள் இருந்தால் பட்டறைக்குப் போக வேண்டும். பாயின்ட் செட் (தீப்பொறியைத் தூண்டும் தொடுமுனைகள்) உள்ள பழைய மாடல் என்றால் அதன் இடைவெளியையும் பார்த்துவிடுங்கள். புதிய பாயின்ட்டின் ஃபைபர் முனை தொடக்கத்தில் வேகமாகத் தேய்ந்து இக்னிஷன் நேரத்தை நகர்த்திவிடும்.

இவற்றில் பெரும்பகுதி ஆக்டிவா போன்ற ஃபோர்-ஸ்ட்ரோக் ஸ்கூட்டருக்குப் பொருந்தாது. அங்கே எண்ணெய் தனியாக இருப்பதால் இறக்கத்தில் பயமில்லை. அதற்குப் பதிலாக, ரிங் படியும்போது உதிரும் பொடி அந்த எண்ணெயிலேயே சேர்வதால், முதல் 300 கிலோமீட்டரில் எஞ்சின் ஆயிலைத் தயங்காமல் மாற்றி, டாப்பெட் (வால்வு) இடைவெளியைப் பார்க்க வேண்டும்.

சேட்டக்குக்குத் திரும்பினால், 700, 800 கிலோமீட்டர் வாக்கில் ஐடில் சீராகும், புகை மெலியும், முன்பு மூன்றாம் கியர் கேட்ட மேட்டில் டாப் கியரிலேயே ஏறும். ஆயிரம் முடிந்ததும் எண்ணெயை லிட்டருக்கு 20 மில்லிக்குக் கொண்டுவந்து, ஒரு டாங்க் தீர்ந்தபிறகு, ஆளில்லாத நேர்ச்சாலை ஒன்றில் முக்கால் ஆக்சிலேட்டரில் ஒரு கிலோமீட்டர் ஓட்டி, அதே நிலையில் கிளட்சைப் பிடித்து எஞ்சினை அணைத்து, உருண்டு நின்றதும் பிளக்கைக் கழற்றிப் பாருங்கள். நடுவே உள்ள பீங்கான் பால் கலந்த டீயின் நிறத்தில் இருந்தால் ஜெட் சரியாக அமைந்திருக்கிறது. கறுத்து ஈரமாக இருந்தால் ஜெட்டை ஒரு படி குறைக்கலாம், அவசரமில்லை. வெளுத்திருந்தால், வந்த வேகத்தில் திரும்பிப் போகாமல் முப்பதில் வீடு சேர்ந்து, பெரிய ஜெட்டைப் போட்டபிறகே வண்டியை மீண்டும் எடுங்கள்.